மீன் வருவதற்கு முன்பு

மீன் தொட்டி வைக்காத வீட்டிலும் மீன் தொட்டி வைக்க ஆசைப்படும் ஒரு பிள்ளை இருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஓராண்டாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினோம். மறுநாளே ஆறு தங்கமீன்களும் வந்து சேர்ந்தன. எட்டாம் நாள் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

இயற்பியல் ஆசிரியன் வீட்டில் நடந்த கதை இது. தொட்டியை நான் அலட்சியமாக வைக்கவில்லை. கண்ணாடி தாங்குமா, மேசை தாங்குமா என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரியானதுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தவறு எங்கே நேர்ந்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

தொட்டியின் அளவு செ.மீ. கணக்கில் 60 × 30 × 30. பெருக்கினால் 54,000 கன செ.மீ., அதாவது 54 லிட்டர். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. எனவே நீர் மட்டும் 54 கிலோ. கண்ணாடியையும் கூழாங்கல்லையும் சேர்த்தால் ஏறக்குறைய 70 கிலோ. வளர்ந்த ஒருவர் இரவும் பகலும் மேசை மேல் உட்கார்ந்திருப்பதற்கு இது சமம். மடக்கு மேசையும் பிளாஸ்டிக் ஸ்டூலும் இதற்கு ஆகாது. கண்ணாடியின் அடியில் ஒரு தெர்மோகோல் தகடு போட வேண்டும். மேசைப் பரப்பில் ஒரு சிறு மணல் துணுக்கு இருந்தாலும் போதும், பாரம் அந்த ஒரு புள்ளியில் குவிந்து அடிக்கண்ணாடி விரிந்துவிடும். தெர்மோகோல் அமுங்கிக் கொடுத்து அழுத்தத்தைப் பரவலாக்குகிறது.

இனி பக்கச் சுவர். நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது என்று படித்திருப்பீர்கள். மேற்பரப்பில் அது சுழியம், 30 செ.மீ. ஆழத்தில் சதுர செ.மீ.க்கு 30 கிராம். சராசரி 15 கிராம். முன்கண்ணாடியின் பரப்பு 60 × 30 = 1800 சதுர செ.மீ. ஆகவே நீர் அதை வெளியே தள்ளும் விசை 15 × 1800 = 27,000 கிராம், அதாவது 27 கிலோ எடைக்குச் சமம். உயரத்தை மட்டும் இரு மடங்காக்கி 60 செ.மீ. ஆக்கிப் பாருங்கள். சராசரி அழுத்தம் இரு மடங்கு, பரப்பும் இரு மடங்கு. விசை நான்கு மடங்காகி 108 கிலோவாகிறது. உயரமான தொட்டிகளுக்குக் கண்ணாடி ஏன் தடிமனாக இருக்கிறது என்பது இப்போது விளங்கும்.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொட்டியின் முன்பின் அகலம் எங்காவது வந்ததா? இல்லை. அகலம் 30 செ.மீ. ஆனாலும் 30 மீட்டர் ஆனாலும் முன்கண்ணாடிக்குத் தெரிவது ஆழம் மட்டுமே. நம் கோவைக்குத் தண்ணீர் தரும் சிறுவாணி அணையின் சுவரும் இப்படித்தான். பின்னால் நீர் எத்தனை தூரம் பரந்து கிடக்கிறது என்பது சுவருக்குப் பொருட்டல்ல; தன் காலடியில் எவ்வளவு ஆழம் என்பதே பொருட்டு.

காற்றுப் பம்பு பற்றியும் ஒரு சொல். அதைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே, ஓர் அலமாரியில் வையுங்கள். கீழே வைத்தால், கரண்ட் போனவுடன் குழாயில் ஏறும் நீர் வடிகுழாய் முறையில் பம்புக்குள் இறங்கிவிடும். மின்சாரமும் தண்ணீரும் சேரும் இடத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தேன். தொட்டி கசியவில்லை, விரியவில்லை. பிறகு நடந்ததைக் கேளுங்கள். அன்று வீட்டில் நல்ல தண்ணீர் வராத நாள். கோவைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பல வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்றில் குடிக்கிற நல்ல தண்ணீர், மற்றொன்றில் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர். நான் உப்புத் தண்ணீரைப் பிடித்து நிரப்பினேன். மறுநாள் மீன் விட்டோம். மூன்று நாள் நன்றாக நீந்தின. மகள் வேளைக்கு வேளை தீனி போட்டாள். ஐந்தாம் நாள் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

ஆக்சிஜன் போதவில்லை என்று முடிவு கட்டினேன். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தானே கரையும். ஆறு மீன்கள் அதைத் தீர்த்திருக்கும் என்பது என் எண்ணம். பம்பை முழு வேகத்தில் வைத்தேன். நிலைமை மோசமாயிற்று. ஆறாம் நாள் தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். கூழாங்கல்லையும் வடிகட்டிப் பஞ்சையும் குழாயடியில் வெள்ளையாகும் வரை கழுவினேன். புதுத் தண்ணீர் ஊற்றினேன். எட்டாம் நாள் காலை கடைசி மீனும் மிதந்தது.

"கணக்கெல்லாம் சரியாத்தானே போட்டீங்க, அப்பா?" என்றாள் மகள். அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டாள். அதனால்தான் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது ஊரில் தோட்டமும் பண்ணைக்குட்டையும் பார்த்துக்கொள்கிறார். வெறும் தொட்டியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், தண்ணி ஊத்தி எத்தன நாளு போட்டு வெச்சீங்க?" என்றார்.

"ஒரு நாள் வெச்சேனுங்க."

"ஒரு நாளா! குட்டையில மீன் குஞ்சு விடறதுக்கே சுண்ணாம்பு போட்டு, சாணியக் கரைச்சு ஊத்தி, பதினஞ்சு நாளு சும்மா போடுவமுங்க. பச்சைத் தண்ணியில மீனு எப்படிங்க பொழைக்கும்?"

குட்டையில் சாணம் கரைப்பது மீன் குஞ்சுகளுக்கு உணவாகும் மிதவை உயிர்கள் பெருகுவதற்காக. கண்ணாடித் தொட்டியின் தேவை சற்று வேறு. ஆனால் பெரியவர் அடிப்படையைப் பிடித்துவிட்டார். மீன் வாழ்வது வெறும் நீரில் அன்று. ஏற்கெனவே உயிர் குடியேறிய நீரில்.

மீன் நம்மைப் போல் கழிவை யூரியாவாக மாற்றிச் சேமித்து வைப்பதில்லை. உணவிலுள்ள புரதம் சிதைந்து வரும் நைட்ரஜனை, பெரும்பாலும் அம்மோனியாவாகவே செவுள் வழியே நீரில் விட்டுவிடுகிறது. ஆற்றில் அதனால் கேடில்லை, நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. 54 லிட்டர் தொட்டியில் அது போக வழியில்லை. தின்னாமல் கிடக்கும் தீனியும் அழுகி அதே அம்மோனியாவைத் தருகிறது. அம்மோனியா செவுளை அரிக்கும். மீன் மூச்சுத் திணறும். ஐந்தாம் நாள் என் மீன்கள் வாயைத் திறந்து மூடியது நீரில் ஆக்சிஜன் இல்லாமல் அன்று. இருந்த ஆக்சிஜனை எடுக்கும் செவுள் கெட்டுப்போனதால்.

அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று அம்மோனியா வாயு மூலக்கூறாகவே. மற்றொன்று ஒரு ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்டு அம்மோனியம் அயனியாக. முன்னது கொடிய நஞ்சு; பின்னது அத்தனை கேடு செய்யாது. எந்த வடிவம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நீரின் பி.எச். மதிப்பு. 25 டிகிரியில் பி.எச். 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நச்சு வடிவம். பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஐந்து. 9 ஆனால் நூற்றுக்கு முப்பத்தாறு. ஆறு மீன், ஒரே அளவு தீனி. ஆனால் காரத்தன்மையுள்ள நீரில் நஞ்சு பல மடங்கு. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி உப்புகளைக் கரைத்து வரும் எங்கள் ஆழ்குழாய் நீர் அத்தகையது. பம்பை வேகமாக ஓட்டியபோது இன்னொரு காரியமும் செய்தேன். நீரிலிருந்த கரியமிலவாயுவை வெளியேற்றினேன். கரியமிலவாயு நீரில் கரைந்து அமிலமாவது. அது போனால் பி.எச். உயரும். உயர்ந்தால் நஞ்சு கூடும். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு எதிரிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்!

சரி, பழைய தொட்டிகளில் மட்டும் மீன் எப்படி வாழ்கிறது? இதற்கு விடை கண்ட வரலாறு சுவையானது.

1850-இல் இராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலார் ஒரு சோதனையை அறிவித்தார். தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். செடி ஆக்சிஜன் தரும், மீன் கரியமிலவாயு தரும், இருவரும் ஒருவரையொருவர் காப்பார்கள் என்பது அவர் கருத்து. உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது. வீட்டு மீன் தொட்டிக்கு அறிவியல் அடிப்படை போட்டவர் அவர் எனலாம். ஆனால் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத நான்காவது கூட்டாளி ஒருவர் இருந்ததை அவர் அறியவில்லை.

1877-இல் பிரான்சு நாட்டில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் வேறொரு காரணத்துக்காக ஒரு சோதனை செய்தார்கள். நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலையும் சிறிது சுண்ணாம்புக்கல் தூளையும் நிரப்பினார்கள். மேலிருந்து சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். நீரிலிருந்த அம்மோனியா மணலைத் தாண்டி அப்படியே வந்தது. ஒரு நாள், இரண்டு நாள் அன்று. இருபது நாள் இப்படியே. அதன் பிறகு அம்மோனியா குறைந்து, அதற்குப் பதிலாக நைட்ரேட் வரத் தொடங்கியது! மணலோ ஆக்சிஜனோ தாமாகவே இதைச் செய்திருந்தால் முதல் நாளே செய்திருக்குமே. இருபது நாள் காத்திருப்பானேன்? இங்கே உயிருள்ள ஒன்று வளர்ந்து பெருகியிருக்க வேண்டும். சோதித்துப் பார்க்கக் குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். நைட்ரேட் நின்றது. குளோரோஃபார்மை அகற்றிவிட்டுச் சிறிது மண் கரைசலை ஊற்றினார்கள். சில நாளில் மறுபடி நைட்ரேட் வந்தது.

அந்தக் குழாயை மறுபடி நினைத்துப் பாருங்கள். மணல், மெல்ல ஓடும் நீர், அம்மோனியா. இது மீன் தொட்டி வடிகட்டியேதான்!

அடுத்த கட்டத்தைத் தொடங்கியவர் யார் தெரியுமா? முதலில் சொன்ன வாரிங்டனின் மகன். அவர் பெயரும் இராபர்ட் வாரிங்டன்தான். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த அவர், இந்த வேலை இரண்டு கட்டமாக, இரு வேறு நுண்ணுயிர்களால் நடக்கிறது என்று காட்டினார். ஒன்று அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். ஆனால் அவற்றைத் தனித்துப் பிரிக்க அவரால் முடியவில்லை. 1890-இல் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் பிரித்தெடுத்தார். மற்றவர்கள் நுண்ணுயிருக்குச் சத்தான உணவு கொடுத்து வளர்க்கப் பார்த்தார்கள். வினோகிராட்ஸ்கி கரிமப் பொருளே இல்லாத உப்புக் கரைசலில் வளர்த்தார். அம்மோனியாவை எரித்து அதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, கரியமிலவாயுவிலிருந்து உடலைக் கட்டிக்கொள்ளும் உயிர்கள் இவை. சூரிய ஒளி தேவையில்லை. நாம் போடும் சோறும் தேவையில்லை. தந்தை தொட்டியைத் தந்தார்; அதைக் காப்பது எது என்பதை மகன் பாதி கண்டுபிடித்தார். இருவரும் இதை உணர்ந்து பேசிக்கொண்டார்களோ என்னவோ, நினைக்க நன்றாக இருக்கிறது.

உங்கள் பாடநூலில் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரண்டு பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு பாக்டீரியா என்பது 1990களின் இறுதியில் தெரிந்தது. 2015-இல் இன்னொரு வியப்பு: நைட்ரோஸ்பைரா இனத்திலேயே சில, இரண்டு வேலைகளையும் தாமே செய்து முடிப்பதாக இரு ஆய்வுக் குழுக்கள் கண்டன. அவற்றுள் ஒரு குழுவுக்கு அந்தப் பாக்டீரியா கிடைத்தது எங்கிருந்து? மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியிலிருந்து.

இருபது நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? எங்கள் பாடத்தில் கதிரியக்கத்துக்கு அரை ஆயுள் என்று சொல்வோம். பாக்டீரியாவுக்கு அதற்கு நேர்மாறான ஓர் எண் உண்டு: இரட்டிப்புக் காலம். நம் குடலில் வாழும் ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். அம்மோனியாவைத் தின்னும் இந்தப் பாக்டீரியாவுக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும் என்று கொள்வோம். ஒன்று பத்து லட்சமாக வேண்டுமானால் இருபது முறை இரட்டிக்க வேண்டும். (2-ஐ இருபது முறை பெருக்கிப் பாருங்கள்: 10,48,576.) ஈ.கோலைக்கு 400 நிமிடம். ஏழு மணி நேரம்கூட இல்லை. நம் பாக்டீரியாவுக்கு 400 மணி நேரம், அதாவது பதினேழு நாள். இரண்டாவது கட்டத்தாரோ, முதல் கட்டத்தார் நைட்ரைட் தயாரித்த பிறகுதான் சாப்பாட்டுக்கே உட்கார முடியும். ஆகவே இன்னும் இரண்டு மூன்று வாரம். மொத்தம் நான்கிலிருந்து ஆறு வாரம். கடைக்காரர் சொல்வதோ, "ரெண்டு நாள் விட்டு மீன் விடுங்க" என்று.

இடையில் சேரும் நைட்ரைட்டும் நஞ்சுதான். அது செவுள் வழியே இரத்தத்தில் கலந்து, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக மாற்றிவிடுகிறது. செவுள் பழுப்பு நிறமாகும். நைட்ரேட்டோ ஒப்பீட்டளவில் சாது. அவ்வப்போது கொஞ்சம் நீரை மாற்றினால் போதும். செடிகளும் அதை உரமாக எடுத்துக்கொள்ளும்.

இந்தப் பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பவை அல்ல. கல், மணல், பஞ்சு, கண்ணாடி எனப் பரப்பு கிடைத்த இடத்தில் ஒட்டி வாழ்பவை. அதனால் பரப்பளவு முக்கியம். பத்து செ.மீ. பக்கமுள்ள ஒரு கல் கனசதுரத்தின் பரப்பு 600 சதுர செ.மீ. அதையே ஒரு செ.மீ. துண்டுகளாக வெட்டினால் ஆயிரம் துண்டு. மொத்தப் பரப்பு 6000. கல் அதே கல்; குடியிருப்பு பத்து மடங்கு. வடிகட்டிப் பஞ்சின் நுண்துளைகள் இன்னும் மேல். ஆறாம் நாள் நான் பஞ்சைக் குழாயடியில் கழுவியது எதைக் கழுவியது என்று புரிகிறதல்லவா? அப்போதுதான் குடியேறத் தொடங்கியவர்களைத் துரத்திவிட்டேன். பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த நீரை வாளியில் வைத்து அதில் இரண்டு முறை அலசிப் பிழிந்தால் போதும்.

இனி எங்கள் இரண்டாம் முயற்சி. இம்முறை நான் சும்மா இருந்தேன். மகள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டாள்.

முதல் வேலை தண்ணீரைத் தேர்ந்தெடுப்பது. சிறுவாணி நீர் உலகத்திலேயே இரண்டாவது சுவையான நீர் என்று எங்கள் ஊரில் ஒரு பெருமைப் பேச்சு உண்டு. சுவைக்கு மீட்டர் ஏது? அது கிடக்கட்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பெய்த மழை, கரையக்கூடிய உப்பு அதிகமில்லாத பாறைகள் மேல் ஓடி, 1984-இல் கட்டி முடிந்த அணையில் தேங்கி, எங்களுக்கு வருகிறது. அதனால் அது மென்னீர். மீனுக்கு நல்லதுதான். ஆனால் முழுக்க அதையே ஊற்றினால் ஒரு சிக்கல் வரக்கூடும். பாக்டீரியாக்கள் அம்மோனியாவை எரிக்கும்போது அமிலம் உண்டாகிறது. நீரில் பைகார்பனேட் இருந்தால் அந்த அமிலத்தை அது ஈடுகட்டும். மென்னீரில் பைகார்பனேட் குறைவு, பி.எச். இறங்கிக்கொண்டே போய், பாக்டீரியாவின் வேலையே மந்தமாகிவிடும். ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் மணலோடு சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்ததை மறக்கவில்லையே? நாங்கள் மூன்று பங்கு நல்ல தண்ணீருக்கு ஒரு பங்கு உப்புத் தண்ணீர் கலந்தோம். எந்தத் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அதுவே மருந்தாயிற்று. திருப்பூர், ஈரோடு பக்கம் உப்பு நீர் மட்டுமே கிடைக்கும் வீடுகளில், பிடித்து வைத்த மழைநீரைக் கலந்துகொள்ளலாம்.

குடிநீர்க் குழாயில் வரும் நீரில் குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்லப் போடும் குளோரின், நாம் வளர்க்கப்போகும் பாக்டீரியாவையும் மீனின் செவுளையும் விட்டுவைக்காது. வாய் அகன்ற வாளியில் ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்தால் போய்விடும். காற்றுக் குமிழ் விட்டால் இன்னும் விரைவு. அவசரமானால் சோடியம் தயோசல்பேட் போடலாம். பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் இருட்டறையில் 'ஹைப்போ' என்று இருந்ததே, அதே உப்புதான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் இருந்தால் எங்கள் தொட்டி முழுவதற்கும் அரை கிராம்கூடத் தேவைப்படாது.

கூழாங்கல்லைக் கழுவிய நீர் தெளியும் வரை கழுவ வேண்டும், சோப்பு கூடாது. ஒரு கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், நீரைக் கடினமாக்கும். உப்புத் தண்ணீர்க்காரர்கள் அதைத் தவிர்க்கட்டும். தொட்டியைச் சன்னல் வெயிலில் வைக்காதீர்கள்; பத்து நாளில் பாசிக் குளமாகிவிடும்.

நீர் நிரப்பி, செடி நட்டு, வடிகட்டியை ஓடவிட்டாயிற்று. மீன்தான் இல்லை. இல்லாத மீனுக்குத் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டாள் மகள். அது அழுகி அம்மோனியா தரவேண்டும் என்பதே நோக்கம். வீட்டுக்கு வந்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம்! மூன்றாம் நாள் நீர் பால் கலந்தது போல் வெளுத்தது. இது அழுகலைத் தின்னும் வேறு பாக்டீரியாக்களின் திடீர்ப் பெருக்கம். பலர் இங்கேதான் பயந்து தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். நாங்கள் கை வைக்கவில்லை. ஏழாம் நாள் தானே தெளிந்தது.

மீன் கடைகளில் சொட்டு மருந்து போல ஒரு சோதனைப் பெட்டி கிடைக்கிறது. நீரில் சில சொட்டு விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். நோட்டுப் புத்தகம் சொல்வது: ஆறாம் நாள் அம்மோனியா தலைகாட்டியது. பதின்மூன்றாம் நாள் உச்சம். பதினைந்தாம் நாள் நைட்ரைட்டின் இளஞ்சிவப்பு முதல் முறையாக வந்தது. இருபத்து நான்காம் நாள் அம்மோனியா இல்லை. நைட்ரைட்டோ ஏறிக்கொண்டே இருந்தது. அதன் பின் பத்து நாள் நிறம் மாறவே இல்லை. அந்தப் பத்து நாள் எங்கள் வீட்டில் இருவர் பொறுமையும் சோதிக்கப்பட்டது. "ஒரே ஒரு மீன் மட்டும் விடலாம்ப்பா" என்று அவளும், "இருக்கட்டும் கண்ணு" என்று நானும். முப்பத்தாறாம் நாள் நிறம் வெளிறியது. முப்பத்தெட்டாம் நாள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் இல்லை, நைட்ரேட் மட்டும். கடைசியாக ஒரு பரிசோதனை: ஒரு சிட்டிகைக்குப் பதில் இரண்டு சிட்டிகை தீனி போட்டு, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பார்த்தோம். இரண்டும் தலைகாட்டவில்லை. தொட்டி தயார்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க ஒரு நேர்மையான வழி உண்டு. நன்றாக ஓடும் பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு பிடி கூழாங்கல்லோ, பஞ்சில் ஒரு துண்டோ கேட்டு வாங்குங்கள். ஈரம் காயாமல், அவர் தொட்டி நீரிலேயே கொண்டு வாருங்கள். பாக்டீரியா ஒன்றிலிருந்து தொடங்காமல் கோடியிலிருந்து தொடங்கும். பாதி நாள் மிச்சம். அந்தத் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போனோம். இம்முறை தங்கமீன் வாங்கவில்லை. அது ஒரு சாணுக்கும் மேல் வளரக்கூடிய மீன். அதற்கு 54 லிட்டர் சிறைதான். விரல் நீளம்கூட வராத வரிக்குதிரை மீன் மூன்று வாங்கினோம். பிளாஸ்டிக் பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டோம். இரு நீரின் வெப்பநிலையும் ஒன்றாகட்டும் என்று. பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் விட்டு, கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விட்டோம். பாக்டீரியாப் படை கூடிய சுமைக்கேற்பப் பெருக நேரம் வேண்டும் என்பதால் அடுத்த மூன்று மீன் இரண்டு வாரம் கழித்தே வந்தன.

ஆவியாகிக் குறையும் நீரை ஈடுசெய்ய இப்போது நல்ல தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறோம். ஆவியாவது நீர்தானே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். உப்புத் தண்ணீரையே மேலும் மேலும் ஊற்றினால் தொட்டி மெல்ல மெல்ல உப்பளமாகும். மீன் வளர்ப்பு சலித்துப்போனால் மீன்களைக் கடைக்கோ நண்பருக்கோ கொடுங்கள். உக்கடம் குளத்திலோ ஊர்க் குட்டையிலோ கொண்டு விட்டுவிடாதீர்கள். தொட்டிகளிலிருந்து தப்பிய வெளிநாட்டுக் கெளுத்தி ஒன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் நாட்டு மீன்களோடு மல்லுக்கு நிற்பது போதும்.

போன மாதம் பெரியவரின் பேரனுக்கும் ஒரு தொட்டி வந்திருக்கிறது. எங்கள் பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, ஒரு கிண்ணம் தொட்டி நீரில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள் மகள். நோட்டுப் புத்தகத்தையும் இரவல் கொடுத்திருக்கிறாள். அவர்கள் கணக்கில் இன்று பன்னிரண்டாம் நாள், நைட்ரைட் வந்துவிட்டதாம்.